ஆள் ஓலையும் கல்வெட்டும்

வேலைக்குச் சேரும் எவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்பது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் விதி. வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, வைப்பு நிதி என்று முன்பே நீண்டுகிடக்கும் வரிசையில் இன்னொன்றா என்று சலித்துக்கொள்ளும் தஞ்சை வட்டாரத்து ஆலை முதலாளி, "தலைமுறையாக நம்மிடம் இருக்கிறவனுக்குக் கடுதாசி எதற்கு?" என்று கேட்பாரானால், அது தத்துவ விசாரணைக்கு உரிய கேள்வியே. விசுவாசம் இருக்குமிடத்தில் எழுத்து அதற்கு அவமதிப்பாகுமா?

சைவ மரபில் இதற்கு விசித்திரமான சாட்சி ஒன்று உண்டு. சுந்தரரின் மணப்பந்தலுக்குக் கிழவேதியராக வந்த இறைவன், அவருடைய பாட்டனார் சந்ததியையும் சேர்த்து எழுதிக்கொடுத்த ஆள் ஓலையைக் காட்ட, சினந்த மணமகன் அதைக் கிழித்தெறிய, பின்னர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் முன் மூல ஓலையை எடுத்துவைத்து, கையெழுத்தை ஒப்பிடச் செய்து, வழக்கில் வென்றதாகச் சேக்கிழார் பாடுகிறார். சர்வாந்தரியாமியே பத்திரத்தோடு வந்திருக்க, ஆலைக்காரர் பதிவேட்டைக் கண்டு முகம் சுளிப்பது சற்று அதிகம்தான்!

ஆயினும் அவ்வோலை ஆளை மட்டுமே கட்டுகிறது. ஆண்டவன் இன்னது தருவான் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. தனக்கென எதுவும் வேண்டாத ஒருவனுக்கே அத்தகைய ஒருதலைப் பத்திரம் பொருந்தும். பிறர் உழைப்பில் லாபம் நாடும் மனிதன் அந்த ஸ்தானத்தில் தன்னை அமர்த்திக்கொள்வது, பக்தியின் பாஷையில் செய்யும் அபகரிப்பு.

ராஜராஜன் அந்த ஸ்தானத்தை விரும்பவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவன் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் நடனப் பெண்கள் 400 பேரை, பேர் இன்னது, வந்த தளி (கோயில்) இன்னது, குடியிருக்கும் தெருச் சிறகு இன்னது, வீடு எத்தனையாவது என்று வரிசையாகச் சொல்லி, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்றும், அதை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கவேண்டும் என்றும், ஒருவர் இறந்தாலோ புறம்போனாலோ அடுத்த உறவினர் அவ்விடத்துக்கு வரவேண்டும், அவர் தகுதியற்றவராயின் தகுதியுள்ள வேறொருவரை இடவேண்டும் என்றும் விதிக்கிறது. அப்பெண்கள் மனமுவந்து வந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை, அது பெருங்குறையே. ஆனால் கொடுப்பவன் தன் கடமையைத் தெய்வத்தின் சந்நிதியில், அளக்கும் மரக்கால் உட்பட, அழியாதபடி எழுதித் தன்னையே கட்டிக்கொண்டான்.

அதே காவிரி மண்ணில் பிற்காலத்துப் பண்ணையாளுக்கு எழுத்து வேறுவிதமாக வாய்த்தது: கலியாணத்துக்கு மிராசுதாரரிடம் வாங்கிய கடன் கணக்கில் நின்றது, அவனுக்கு வரவேண்டியதோ எஜமானின் தர்மசிந்தையில் நின்றது. 1952இல் ராஜாஜி அரசாங்கம் தஞ்சாவூர்க் குடிவாரதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, கூலியை வரையறுத்து, காரணமின்றி ஆளை நீக்குவதைத் தடுத்தபோது, வீட்டுப் பிள்ளைபோல் வைத்திருக்கிறோம் என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்த மிராசுதாரர்களில் பலர், அந்தப் பிள்ளைகளைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே அன்றாடக் கூலிகளாக நிறுத்திவிட்டார்கள்.