வள்ளி வேஷம் போட மறுத்தவர்கள்

திருமங்கலத்தில் தியாகி விஸ்வநாததாஸ் நினைவில்லம் இருக்கிறது. ஊர் வழியாக மதுரைக்கும் விருதுநகருக்கும் பஸ்ஸில் போகிறவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர் 1886-ல் சிவகாசியில் பிறந்து, திருமங்கலத்துக்காரராகவே பேர் வாங்கியவர். முருகன் வேஷம் கட்டி மேடையேறுவார். கதைக்கு நடுவே தேசியப் பாட்டு ஒன்றை எடுத்து விடுவார். போலீஸ் வந்து நிற்கும். முருகனாகப் பாடியவர் விஸ்வநாததாஸாக ஜெயிலுக்குப் போவார். வெளியே வந்ததும் மறுபடி முருகன். வாரண்டில் யார் பெயரை எழுதுவது என்பதில் சர்க்காருக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.

குழப்பம் சக நடிகைகளுக்குத்தான் இருந்தது. அவர் மருத்துவர் குலம். அன்றைய பேச்சில் நாவிதர். அவருக்கு ஜோடியாக வள்ளி வேஷம் போட மாட்டோம் என்று சிலர் மறுத்துவிட்டார்கள். வள்ளி யார்? தினைப்புனம் காத்த குறமகள். அவளைத் தேடி முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், கடைசியில் மணமுடிக்கிறான். குலம் பார்க்காத கடவுளின் கல்யாணக் கதையில், கடவுள் வேஷம் போட்டவரின் குலத்தை விசாரித்தார்கள்.

இந்தப் பழைய சச்சரவு இப்போது நினைவுக்கு வருவதற்குக் காரணம், செல்போனில் நடக்கும் ஒரு புது ஆட்டம். ஏழெட்டுப் பேர் ஆன்லைனில் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். ஒருவர் படைத்தலைவர், ஒருவர் ஒற்றர், ஒருவர் அரசி. படம் இல்லை, குரல் இல்லை, எல்லாம் எழுத்துதான். அவரவர் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் அவரவர் டைப் செய்யக் கதை நகரும். முன்கூட்டி எழுதிய வசனம் கிடையாது.

மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும். வசனத்தில் பாதி அன்று ராத்திரி மேடையில் பிறப்பது. நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. தர்க்கம் சூடேறும்போது பேச்சு கதையைத் தாண்டி ஆளையே தொடும். ஆனால் ஒரு மரியாதை உண்டு. நாரதர் எவ்வளவு மடக்கினாலும் வள்ளியின் பதிலை அவரே சொல்லிவிட முடியாது. அது வள்ளியின் வாய்க்கு உரியது.

ஆன்லைன் குழுக்களிலும் சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெடிக்கிறது. ஒற்றர் மயங்கி விழுந்தார் என்று படைத்தலைவர் டைப் செய்கிறார். என் ஆளை விழ வைக்க நீ யார் என்று ஒற்றர் கேட்கிறார். “கதைதானே?” என்கிறார் படைத்தலைவர்.

இந்தக் ‘கதைதானே’யின் புகழ்பெற்ற வழக்கு 1993-ல் நடந்தது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் நடத்திவந்த லாம்ப்டாமூ, எழுத்தாலேயே கட்டிய ஒரு வீடு. அதற்குள் மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் உலவியவர், ஒரு சின்ன நிரல் தந்திரத்தால், பிறருடைய பாத்திரங்கள் ஆபாசமும் கொடூரமும் செய்வதாக எல்லார் திரையிலும் வரிகள் வரச் செய்தார். அடுத்தவர் கையை எடுத்து அவரையே அடித்த மாதிரி. பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர் மறுநாள் பொதுவில் தன் கண்டனத்தை எழுதினார். அதை டைப் செய்தபோது கண்ணீர் வழிந்தது என்று பின்னர் சொன்னார். பத்திரிகையாளர் ஜூலியன் டிப்பெல் அதே ஆண்டு டிசம்பரில் இதைக் கட்டுரையாக்கினார்.

பஞ்சாயத்து கூடியது. நீக்கலாமா கூடாதா என்று மணிக்கணக்கில் வாதம். பங்கிளே நடுவில் வந்து, இதெல்லாம் ஒரு சோதனை என்ற தோரணையில் பேசிவிட்டுப் போனார். கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. அப்புறம் நிர்வாகிகளில் ஒருவர், யாரையும் கேட்காமல், பங்கிளின் கணக்கை அழித்தார். கொஞ்ச நாளில் அதே ஆள் டாக்டர் ஜெஸ்ட் என்று வேறு பெயரில் வந்து சேர்ந்தார். வேஷத்துக்குத் தண்டனை கிடைத்தது. ஆளுக்குப் புது வேஷம் கிடைத்தது.

இனி எல்லாம் வாக்கெடுப்பால் முடிவாகட்டும் என்று கர்ட்டிஸ் மனுவும் ஓட்டும் கொண்டுவந்தார். நிர்வாகிகள் வெறும் மெக்கானிக்குகளாக இருப்பார்கள் என்பது ஏற்பாடு. 1996-ல் நிர்வாகிகளே அதைக் கைவிட்டார்கள். யார் வழக்கிலும் தலையிடாமல் வீட்டை மட்டும் பராமரிப்பது நடக்காத காரியம் என்று ஒப்புக்கொண்டார்கள். சும்மா இருப்பதும் ஒரு கட்சிதான் என்று புரிய மூன்று வருஷம் பிடித்திருக்கிறது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பங்கிள் செய்தது ஆளைக் காயப்படுத்திவிட்டு வேஷத்துக்குப் பின்னால் ஒளிவது. நடிகைகள் செய்தது வேஷத்தை ஒதுக்கிவிட்டு ஆளின் பிறப்பைப் பார்ப்பது. எதிரெதிர் போலத் தெரிந்தாலும் குற்றம் ஒன்றுதான்: வேஷத்துக்கும் ஆளுக்கும் நடுவில் உள்ள கோட்டைத் தன் வசதிக்கு நகர்த்துவது. வேண்டும்போது ‘கதைதானே’, வேண்டாதபோது ‘நீ யார்?’

ஆகவே குழு நடத்துகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, விதிப்புத்தகத்தில் எத்தனையாவது விதி மீறப்பட்டது என்பதல்ல. காயம் பட்டது பாத்திரமா, ஆளா? பாத்திரம் என்றால் கதைக்குள்ளேயே பதில் சொல்ல இடம் கொடுக்கலாம். ஒற்றர் அடுத்த அத்தியாயத்தில் கணக்குத் தீர்த்துக்கொள்வார். ஆள் என்றால் கதையை நிறுத்திவிட்டு, வேஷத்துக்கு வெளியே, சொந்தப் பெயரில், முதலில் தனியாகப் பேச வேண்டும். இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறோம். கதைக்குள் முடிக்க வேண்டியதைக் குழு முழுக்க இழுத்துப் பஞ்சாயத்து வைக்கிறோம். நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டியதைக் கதை வசனத்தில் சமாளிக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. விஸ்வநாததாஸ் விஷயத்தில் நாடகத்தை நிற்காமல் நடத்தியது, சாதி பார்க்காமல் அவருடன் வேஷம் போட முன்வந்த நடிகைகள். அவர்களில் ஒருவர் கே.பி. ஜானகியம்மாள். பிற்காலத்தில் கம்யூனிஸ்ட் தலைவரானவர்; 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியில் வென்று சட்டமன்றத்துக்குப் போனவர். விஸ்வநாததாஸுக்குப் பக்கத்தில் போய் நின்றதையே அவர் தன் தீர்ப்பாக வைத்தார். குழுவில் யாரோ ஒருவர் ஒதுக்கப்படும்போது, மற்றவர்கள் மௌனமாகப் பார்த்திருந்துவிட்டு, அட்மின் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்பது சுலபம். பக்கத்தில் போய் நிற்பதற்கு அட்மின் அனுமதி தேவையில்லை.

1940 டிசம்பர் 31 அன்று இரவு சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விஸ்வநாததாஸின் உயிர் பிரிந்தது. வேஷத்தைக் கலைக்காமலே ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள்.