இரவல் கையெழுத்து

"இனிமே அலைய முடியலப்பா, எல்லாத்தையும் நீயே பார்த்துக்கோ" என்று நண்பருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார் அவருடைய அப்பா. இரண்டே வருஷம். மகன் பெயரே அவருக்கு மறந்துபோச்சு. இப்போது வைத்தியச் செலவுக்கு அப்பாவின் வீட்டை விற்க வேண்டும்.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ, சித்தசுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துபோகும்.

"தேவைப்படும்போதா கைவிடணும்? ரிஜிஸ்தர் ஆபீஸ்ல யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் நண்பர்.

தெரியாதுதான். ஆனால் பவர் தானமில்லை சார், இரவல். "என்னடா செஞ்சே?" என்று அப்பாவால் கேட்க முடிகிறவரைதான் அவர் கையெழுத்து நம்மிடம் இருக்கலாம். அவரால் முடியாதபோது, கேட்பதற்கு இன்னொருவர் வேண்டும். அதற்குத்தான் கோர்ட்டும் காப்பாளர் நியமனமும்.

அலைச்சல்தான். ஆனால், கணக்குக் கேட்க ஆளில்லாதபோதுதானே நாம் எப்படிப்பட்ட பிள்ளை என்று தெரிகிறது?