படியெடுத்த உடம்பும் உயிரும்

ஆம்பூரில் தோல் பதனிடுந் தொழில் நடாத்தும் சைவ அன்பர் ஒருவர், அண்மையில் ஆற்காட்டிலுள்ள எம் இல்லத்துக்கு வந்திருந்தபோது ஒரு வினா நிகழ்த்தினார். அவர்தம் மகளார் உயிர்நூல் பயில்பவர். "ஓர் எலியின் ஓரணுவினின்று பல எலிகளை ஆக்குகின்றனராம். அவற்றிற்கெல்லாம் உயிர் ஒன்றோ, பலவோ? ஆக்கிய பொருளாதலின் உயிரே இல்லையெனின், கொல்வதிற் பாவமும் இன்றன்றோ?" என்றார்.

செய்தி மெய்யே. நோயை எதிர்க்கும் டி-அணு ஒவ்வொன்றும் தன் மரபணுவின் ஒரு பகுதியைத் தானே வெட்டி இணைத்து, குறித்ததொரு பகையை அறியும் ஏற்பியைப் பெறுகின்றது. அமெரிக்க நாட்டு வொயிட்ஹெட் நிலையத்து ஜேனிஷ் முதலியோர் 2002இல், முதிர்ந்த நோயெதிர்ப்பணுவின் உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டையுள் வைத்து, அதன்வழி எலிகளைப் பிறப்பித்தனர். 2010இல் டாக்சோபிளாசுமா என்னும் ஒட்டுண்ணியை அறியும் டி-அணுக்களைத் தெரிந்தெடுத்தும் அவ்வாறு செய்யப்பட்டது. ஏற்பி மரபிலேயே அமைந்தமையால், அரிதிற் கிடைக்கும் அவ்வணு ஆய்வோர்க்கு வேண்டுமளவு கிடைப்பதாயிற்று.

இனி விடை கூறுதும். உயிர் உடம்பின் வேறாயுள்ளதென நிறுவுவது சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம். உடம்பு மாயையின் காரியம்; உயிரோ அநாதி, ஒருவரால் ஆக்கப்படாதது. ஆகவே ஈண்டுப் படியெடுக்கப்பட்டது உடம்பேயன்றி உயிரன்று. ஒரு சூலில் ஒத்த வடிவினராய்ப் பிறந்த இரட்டையருள் ஒருவர் உண்ண மற்றவர் பசி தீர்தல் யாண்டும் இல்லை. அற்றேல் இது நால்வகைத் தோற்றத்தின் வேறாய ஐந்தாந் தோற்றமோ எனின், அன்று; அக்கருவும் ஒரு தாயெலியின் கருப்பையில் வளர்ந்தே பிறத்தலின் சராயுசமேயாம். எலி எத்துணை, உயிரும் அத்துணை.

அன்பர் விட்டாரல்லர். "எம் தொழிலில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் கையாளுகின்றேம். எலி அவற்றினுஞ் சிறிதன்றோ?" என்றார். நம் நாட்டு 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், சிறு விலங்குகளாற் பயன் கிட்டுமாயின் பெருவிலங்குகளை ஆய்வினின்று விலக்குக என்னுங் கருத்துடையதே. உலகியலுக்கு அது பொருந்தலாம், சித்தாந்திக்குப் பொருந்தாது. உயிர் வியாபகப் பொருளாகலின், உடம்பின் சிறுமை உயிர்க்கு ஏறாது.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். அடியேன் நாடோறும் மருந்துண்பவன். இக்காலத்து மருந்துகளிற் பெரும்பாலன விலங்குகளிற் சோதிக்கப்பட்டவை. அவற்றால் நெடுநாள் வாழ்ந்துகொண்டு, பிறர் ஆய்வை மட்டும் பழித்தல் என்ன நேர்மை?

"அங்ஙனமாயின் என் மகள் அக்கல்வியை விடுதல் வேண்டுமோ?" என்று கேட்டார். எலியை விடுத்துக் கண்ணாடிக் கலத்து அணுக்களால் அறியக்கூடியதை அவ்வாறே அறிக. இயலாதவிடத்து நோவு குறைத்துச் செய்க. உயிரில்லையென்று மட்டும் சொல்லற்க என்றேன். விட்டுவிடுக என்று கூற அடியேனுக்கு நா எழவில்லை.