ஓட்டின் அடியில் உள்ள அறம்

மனிதனின் நேர்மை சோதிக்கப்படும் இடங்கள் எவை என்று வினவினால், வழக்கு மன்றம், வாணிபம், அரசியல் என்றே பலரும் விடை பகர்வர். வீட்டின் குளியலறையை எவரும் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. ஆயினும், சிங்கப்பூரின் அடுக்குமாடிகளில் வாழும் மக்களுக்குப் பழைய குளியலறையைப் பெயர்த்துப் புதிதாக அமைக்கும் வேலை, அறத்தைச் சோதிக்கும் வேலையாகவே அமைந்துவிடுகிறது.

கம்பத்து வாழ்வில் குளியலுக்குரிய இடம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, கிணற்றடியிலோ கொல்லைப்புறத்திலோ இருந்தது. அங்குச் சிந்திய நீரை மண் குடித்தது. 1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் மக்கள் படிப்படியாக மாடி வீடுகளில் குடியேறினர். ஒருவர் நின்று குளிக்கும் தரை மற்றொருவரின் கூரையாயிற்று. தரையில் கசியும் நீர் இன்று மண்ணைச் சேர்வதில்லை. கீழ்வீட்டாரின் தலைமேல் சொட்டுகிறது.

அந்நீரைத் தடுத்து நிறுத்துவது மேலே மின்னும் ஓடு என்று எண்ணுவது பிழை. ஓடுகளின் இடைவெளியில் நிரப்பப்படும் சிமெண்டுச் சாந்தின் வழியே நீர் மெல்ல ஊறி இறங்கும். அதனைத் தடுப்பது ஓட்டின் அடியில் இடப்படும் நீர்த்தடுப்புப் பூச்சேயாகும். அது தரையோடு நின்றுவிடாமல் சுவரிலும் சற்று ஏற வேண்டும். மூலைகளையும் குழாய்த் துளைகளையும் இடைவெளியின்றி மூட வேண்டும். நன்கு காய்ந்தபின், வடிகாலை அடைத்து நீரைத் தேக்கி, ஒரு நாள் முழுவதும் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே ஓடு பதிப்பது முறை. ஓடு பதிந்ததும் பூச்சு கண்ணைவிட்டு மறைந்துவிடுகிறது. அது முறையாகப் பூசப்பட்டதா, நீர் தேக்கிப் பார்க்கப்பட்டதா என்பதைப் பின்னர் வந்து பார்ப்பவர் எவரும் அறிய இயலாது. மெய்யான வேலையும் பொய்யான வேலையும் ஒரே பளபளப்போடு காட்சி தருகின்றன.

இந்நிலையில், குடும்பத்தலைவர் ஒருவர் மூன்று குத்தகையாளர்களிடம் விலை கேட்கிறார் எனக் கொள்ளலாம். மூவருள் ஒருவர் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைத்துச் சொல்கிறார். குடும்பத்தலைவர் மகிழ்கிறார்; அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்பதில்லை. ஓட்டின் விலையைக் கடையில் எவரும் கேட்டறியலாம். அதில் குறைக்க இடம் மிகச் சிறிது. கண்ணில் படாதவற்றிலேயே கை வைக்க முடியும். பூச்சு காய்வதற்கு விடவேண்டிய நாள்கள் குறையலாம். நீர் தேக்கிப் பார்க்கும் சோதனை கைவிடப்படலாம். உலர்ந்த ஓட்டை வெட்டும்போது எழும் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுப்பது; நீரூற்றி வெட்டினால் தூசி அடங்கும். அதற்குரிய கருவியும் முகக்கவசமும்கூட மிச்சப்படுத்தப்படலாம். ஆகவே, ஒருவர் பையில் எஞ்சிய வெள்ளிக்குக் கீழ்வீட்டாரின் கூரையும், கடல்கடந்து வந்து உழைக்கும் தொழிலாளியின் மூச்சும் விலையாகின்றன. ஏமாற்றியவர் குத்தகையாளர்தாம், ஆனால், கேட்க வேண்டியதைக் கேளாமல் இருந்தவருக்கு அதில் பங்கே இல்லையா?

சட்டம் ஓரளவு காவல் நிற்கிறது. புதிய கழக வீடுகளில் குளியலறையின் தரை ஓடுகளையும் சுவர் ஓடுகளையும் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பெயர்க்கலாகாது. பெயர்க்கும் காலம் வந்தபின்னும் கழகத்தில் பதிவுபெற்ற குத்தகையாளரைக் கொண்டே, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டும். கூரை கசிந்தால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பேற்க வேண்டும் என்பதும் விதி. இவை நல்ல விதிகளே. எனினும், பதிவு என்பது ஒருவரின் தகுதிக்குச் சான்றாகலாம். குறிப்பிட்ட ஒரு நாளில், ஒரு மூலையில், அவர் கை சோம்பவில்லை என்பதற்குச் சான்றாகாது.

எல்லாக் குறைந்த விலையும் வஞ்சகமன்று. எல்லா உயர்ந்த விலையும் நாணயமன்று. வருவாய் குறைந்தவர் சிக்கனம் நாடுவதைக் குற்றம் என்பதும் கொடுமை. அப்படியாயின் வழி என்ன? திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆராயாது நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டையும் அது கடிகிறது. வேலை தொடங்குமுன் எத்தனை முறை பூசுவீர், எத்தனை நாள் காயவிடுவீர், எப்போது நீர் தேக்குவீர் என்று கேட்டு எழுதி வாங்குவது அவமதிப்பன்று. வேலை அறிந்தவர் அக்கேள்விகளை வரவேற்பார். தொடங்கியபின் நாழிகைதோறும் பின்னால் நின்று நச்சரிப்பதே அவமதிப்பு.

பொருள்களைத் தேர்வதிலும் இதே நெறி பொருந்தும். விருந்தினர் வியக்கும் வழவழப்பான ஓடு, ஈரக்காலோடு நடக்கும் முதியவளுக்குப் பகையாகும். 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசுத் திட்டமொன்று, முதியோர் வாழும் கழக வீடுகளில் வழுக்கலைக் குறைக்கும் தரைப்பூச்சும் கைப்பிடிகளும் அமைக்கலாயிற்று. அழகைவிட உயிர் பெரிது என்பதே அதன் பொருள். சிக்கனம் வேண்டுமெனில் ஓட்டின் வண்ணத்திலும் கண்ணாடியின் அளவிலும் செய்யட்டும். பூச்சிலும் பாதுகாப்பிலும் வேண்டாம். முன்னவற்றில் குறைத்தால் இழப்பவர் வீட்டுக்காரர் மட்டுமே. பின்னவற்றில் குறைத்தால் இழப்பவர் பிறர்.

காண்போர் உள்ள இடத்தில் நேர்மையாக இருப்பது எளிது. புகழ் அதற்குக் கூலியாகிறது. எவரும் காணாத இடத்தில், எவர் பாராட்டும் கிட்டாத ஒரு பூச்சுக்காகச் செலவிடும் வெள்ளியே ஒரு வீட்டின் பண்பை உரைக்கிறது. கீழ்வீட்டார் அதனை ஒருநாளும் அறியமாட்டார்; உலர்ந்த கூரையின்கீழ் நிம்மதியாக உறங்குவார். அயலார் அறியாமலே அவருக்குச் செய்யும் நன்மையில் அறத்தின் தூய வடிவம் உள்ளது.