மீனின் செவியும் நம் வினையும்

ஜவ்வாது மலையில், வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அமிர்தி அருவியைப் பார்த்தவரிடம், நீருக்கடியில் மனிதர் எழுப்பும் இரைச்சல் மீன்களை வதைக்கிறது என்று சொன்னால் அவர் நம்பத் தயங்கலாம். மழைக்காலத்தில் அருவியே அப்படி இரைகிறதே, அதன் கீழும் மீன் வாழவில்லையா என்று கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு இத்தாலியின் சிற்றோடைகளில் விடை கிடைத்தது. அங்குள்ள சிறிய உளுவை மீன்களைப் பற்றி லுக்லி குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாய்ந்தோடும் நீரின் ஓசையில் 100 ஹெர்ட்ஸ் அருகே ஓர் அமைதியான இடைவெளி இருக்கிறது. உளுவைகள் அந்த இடைவெளியில்தான் குரல் கொடுக்கின்றன. அவற்றின் செவியும் அங்கேதான் கூர்மை. ஓடும் நீரோடு எண்ணற்ற தலைமுறைகள் வாழ்ந்து பெற்ற இசைவு அது. படகு, கப்பல் இயந்திரங்களின் தாழ்ந்த உறுமலோ அந்த இடைவெளிக்குள்ளேயே புகுந்து நிரம்புகிறது.

கொல்லவில்லை, தொடவில்லை, தீங்கு நினைக்கவும் இல்லை, இது பாவமாகுமா? ஆகும் என்றே நான் கருதுகிறேன். அமிர்தி அருவி விழும் அதே ஜவ்வாது மலையின் கிழக்கே, போளூர் அருகில், குந்தவை ஜினாலயம் நிற்கும் சமணத் தலமான திருமலை இருக்கிறது. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்த சமணர், மீனை ஐந்து புலனும் உடைய உயிர்களோடு வைத்தார்கள். அதாவது அதற்குச் செவிப்புலன் உண்டென்று ஏற்றார்கள். ஐரோப்பிய அறிவியலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இது விவாதமாகவே இருந்தது. சீழ்க்கை அடித்தால் வரும் ஒரு கெளுத்தியைக் கொண்டு கார்ல் வான் ஃபிரிஷ் 1923இல் மீனுக்குக் கேட்கும் என்று காட்டினார். சமணரின் வகுப்பு சோதனைக்கூடத்தில் பிறந்ததல்ல. அதை அறிவியலுக்குப் போட்டியாக நிறுத்துவதும் என் நோக்கமல்ல. ஓர் உயிர் எந்தெந்தப் புலனால் உலகை அறிகிறதோ அந்தந்தப் புலன் வழியாகவும் அதைத் துன்புறுத்த முடியும் என்ற கவலை அதில் அடங்கியிருக்கிறது. சமண நூலான தத்துவார்த்த சூத்திரமும், கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என்கிறது. கொலைவெறி இருந்தால்தான் இம்சை என்று சொல்லவில்லை.

வள்ளுவர் மனமறிந்து செய்யும் தீங்கைத்தானே விலக்கச் சொன்னார் என்று ஒருவர் மறுக்கலாம். சரி, நம் மனம் இன்று எவ்வளவு அறிந்திருக்கிறது என்று பார்ப்போம். கடலடியில் எண்ணெய் தேடப் பயன்படும் காற்றுத் துப்பாக்கியின் வெடிப்பொலி, மீனின் உள்செவியிலுள்ள மயிரிழைச் செல்களைச் சிதைப்பதை ஆஸ்திரேலியாவில் மெக்காலி குழுவினர் கண்டார்கள். 58 நாள் கழித்தும் அவை தேறவில்லை. அது வெளியானது 2003இல். பெருந்தடுப்புப் பவளத்திட்டில் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வோ இன்னும் என்னை உலுக்குகிறது. மோட்டார் படகின் ஓசையில் குஞ்சு மீன்கள் பகைமீனைக் கண்டு தப்பியோடத் தடுமாறின. இரையானவை இரு மடங்குக்கு மேல். மீனைத் தின்றது இன்னொரு மீன், ஆனால் அதைத் தடுமாற வைத்தவர்கள் நாம். இவ்வளவும் அச்சில் வந்த பிறகு, அறியாமல் செய்தோம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

வலைபோட்டுப் பிடித்துத் தின்னும் மீனின் காதுக்காக வருந்துவதா என்பது இதைவிடக் கடினமான ஆட்சேபம். குறளில் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம், இன்னா செய்யாமைக்கு வேறோர் அதிகாரம். உணவுக்காகக் கொல்வதை ஏற்றுக்கொண்டவர், வீணாக வதைப்பதையும் ஏற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. மீன் தின்னும் நாட்டில்தான் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் நீரில் வெடிவைத்து மீன் பிடிப்பதைத் தடை செய்தது. இரைச்சலால் மீனவருக்கும் இழப்பு உண்டு: நார்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில் காற்றுத் துப்பாக்கி வெடித்தபோது காட் மீன்பாடு ஏறத்தாழப் பாதியாக விழுந்தது.

நம் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தவை. காற்றில் பரவும் ஓசையை மட்டுமே அளக்கின்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடப் பகுதிகள் ஒதுக்கப்பட்டிருக்கும் இவ்வேளையில் இது பெரிய குறை. நாட்டுக்கு எரிபொருள் வேண்டாமா என்பார்கள். தேடலையே நிறுத்து என்பதல்ல என் வாதம். மீன் இனம் பெருகட்டும் என்று கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அதற்கான வருமான இழப்பை மீனவக் குடும்பங்கள் சுமக்கின்றன. அந்த 61 நாளாவது அளவைக் கப்பல்களின் காற்றுத் துப்பாக்கிகளும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று அரசு ஆணையிடட்டும்.