தாதி மாணவியின் நித்திரை யாருக்குச் சொந்தம்?



நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் தாதியர் பயிற்சிக்குச் சென்றிருக்கின்றார்கள். வகுப்பு, வாட்டுப் பயிற்சி, பரீட்சை என்று அவர்களுடைய கிழமை நிரம்பி வழிகின்றது. "நேரம் போதவில்லை" என்பதே அவர்கள் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்ற இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் அடங்கியிருக்கின்றது. அந்த நேரம் யாருக்குச் சொந்தம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிழமைக்கு 168 மணித்தியாலங்கள். வகுப்புக்கும் வாட்டுக்கும் 48 என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 7 மணித்தியால நித்திரை என்றால் 49. குளிப்பு, சாப்பாடு, உடுப்புத் தோய்த்தல், பயணம் ஆகியவற்றுக்கு 21, படிப்புக்கு 21. மிஞ்சுவது 29. தாராளமாகத்தான் தெரிகின்றது. ஆனால் தம்பியின் கணக்குப் பாடமும், மாமியை மருத்துவரிடம் கூட்டிச் செல்வதும், கலியாண வீடும், செத்த வீடும் அந்த 29ஐத் தின்று முடித்துவிடும். அதற்குப் பின்னும் ஏதேனும் தேவைப்பட்டால் எதிலிருந்து எடுப்பது? வகுப்பிலிருந்து எடுக்க முடியாது. வாட்டிலிருந்து எடுக்க முடியாது. கேட்பாரின்றிக் கிடப்பது நித்திரை ஒன்றுதான்.

"பிறருக்காக நித்திரையைத் துறப்பது தியாகம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தியாகம் என்பது தனக்குச் சொந்தமானதைக் கொடுப்பது. என் சோற்றைப் பசித்தவனுக்குக் கொடுத்தால் வாடுவது என் வயிறு. தாதியின் நித்திரையோ அப்படிப்பட்டதன்று. இரவு அவள் இழந்த நித்திரையின் விலையை மறுநாள் கட்டிலிற் கிடக்கும் நோயாளி செலுத்த நேரிடலாம். பிறர் பொருளைக் கொண்டு நாம் கொடையாளி ஆக முடியாது.

இது மிகைப்படுத்திய பேச்சன்று. 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான டோசனும் றீட்டும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 24 மணித்தியாலம் விழித்திருந்தவரின் செயற்றிறன், இரத்தத்தில் ஏறக்குறைய 0.10 வீதம் மதுசாரம் உள்ளவரின் செயற்றிறனளவுக்குக் குறைந்திருந்ததாம். 2004இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த இன்னோர் ஆய்வு, தாதியர் பன்னிரண்டரை மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்த முறைகளில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காகின்றது எனக் கண்டது. குடித்துவிட்டு ஊசி போட வருகின்றவளை எந்த வைத்தியசாலையும் ஏற்காது. நித்திரையின்றி வருகின்றவளையோ "கெட்டிக்காரி" என்று நாம் மெச்சுகின்றோம்!

அப்படியானால் வீட்டுக்கு எதுவுமே செய்யக்கூடாதா? தாய் நோயுற்றால் மகள் விழித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் எப்போதோ ஒருநாள் வரும் அவசரம் வேறு. கிழமைதோறும் வழக்கமாகிவிட்ட வசதி வேறு. இரண்டையும் பிரித்தறிவதே விவேகம். தலையான புண்ணியங்கள் நான்கினுள் அதனை முதலில் வைப்பதும் காரணத்தோடுதான். நல்ல மனம் மட்டும் போதாது. எதை, எப்போது, எவ்வளவு என்று அறியவும் வேண்டும்.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859இல் எழுதிய தாதியியல் நூலில் இதற்கு உதவும் கருத்தொன்று உண்டு. தாதி தான் அருகில் இருக்கும்போது செய்வதைப் போலவே, தான் இல்லாத வேளையிலும் நடக்கவேண்டியது நடக்கும்படி ஒழுங்கு செய்துவைக்க வேண்டும் என்கிறார் அவர். வாட்டுக்குச் சொன்ன இவ்விதி வீட்டுக்கும் பொருந்தும். மாமியுடன் மருத்துவரிடம் செல்லவும் தம்பிக்குப் பாடம் சொல்லவும் வேறொருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்யலாம்.

ஆகவே பெற்றோரே, இரவு வேலை முடித்து வந்த பிள்ளை பகலில் உறங்கினால், "இன்னும் எழும்பவில்லையோ?" என்று கதவைத் தட்டாதீர்கள். பகல் நித்திரை வெளிச்சத்தாலும் சத்தத்தாலும் இயல்பாகவே குறுகிவிடும். வானொலியைத் தணித்து, யன்னற் சீலையை இழுத்துவிடுங்கள். நீங்கள் அறியாத ஒரு நோயாளிக்குச் செய்யும் உதவி அது.

தாதி மாணவியே, உனக்கும் ஒரு சொல். கிழமைத் தொடக்கத்தில் வேலைமுறையை எழுதிய உடனேயே நித்திரைக்குரிய நேரத்தைக் குறித்துவை. மற்றவை எல்லாம் அதற்குப் பின்பு. பரீட்சைக்கு முதல்நாள் விடிய விடியப் படிப்பதை விட, அன்றன்று வாட்டிற் கண்ட மருந்தையும் நோயையும் அன்றன்றே அரை மணி நேரம் படித்துவிடு. அதுவே மனதில் நிற்கும். உன் நித்திரை நோயாளிக்கு உரியதென்றால், அதனைக் கைத்தொலைபேசிக்குக் கொடுக்கவும் உனக்கு உரிமையில்லை. மாமிக்கு "இந்தக் கிழமை முடியாது" என்று பணிவோடு சொல்லும் நீ, உனக்கும் அதையே சொல்லிப் பழக வேண்டும்.