முடிவில்லாத பக்கம்



“கைபேசி பிசாசின் கருவி” என்பார் சிலர். “காலத்தோடு போகாதவன் பிழைக்க மாட்டான்” என்பார் வேறு சிலர். இரு சாராரும் ஒரு சிறு சங்கதியைக் கவனிப்பதில்லை.

முன்பெல்லாம் இணையப் பக்கம் ஓரிடத்தில் முடியும். மேலும் வாசிக்க ‘அடுத்த பக்கம்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு கணத்தில், “போதுமா, இன்னும் வேண்டுமா?” என்று மனச்சாட்சி கேட்கும். 2006-ம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்னும் அமெரிக்கக் கணினி நிபுணர், தள்ளத் தள்ளத் தானே நீளும் பக்கத்தை வகுத்தார். வாசிப்பவரின் சிரமத்தைக் குறைப்பதே அவர் எண்ணம். ஆனால் நம் நேரத்தைக் காசாக்கும் கம்பெனிகளுக்கு அதுவே தூண்டிலாயிற்று. 2018-ல் அவரே அதற்காகப் பகிரங்கமாய் மனம் வருந்தினார். நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கும் கணக்கு உண்டன்றோ?

சர்வேசுரன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து, ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். எல்லாம் வல்லவரே தமது வேலைக்கு ஒரு முடிவு வைத்தார். ஜெபமாலைக்கும் கடைசி மணி உண்டு. முடிவு இருப்பதாலேயே அடுத்த கடமைக்கு எழுந்திருக்கிறோம்.

ஆகையால், கம்பெனிகள் எடுத்துவிட்ட முடிவை வீட்டில் நாமே வைப்போம். பெற்றோர்களே, மாலை ஜெப நேரம் வந்ததும் முதலில் உங்கள் கைபேசியைக் கீழே வையுங்கள். பிறகு பிள்ளைகளை அழையுங்கள். “போதும்” என்று சொல்லும் வரத்தை ஆண்டவர் நம் குடும்பங்களுக்குத் தந்தருள்வாராக.